உறங்கி விழித்த பின் ஊர்ந்து செல்லும் செயலி

மடிக்கணினியின் மூடியைத் திறக்கிறீர்கள். திரை வருகிறது, கடவுச்சொல் கேட்கிறது, திறந்து வைத்த சாளரங்கள் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் சொடுக்கிய நொடியில் திறந்த தாவல் இப்போது தயங்கித் தயங்கித் திறக்கிறது, காணொளி திக்குகிறது, மின்விசிறியோ சத்தமே இல்லாமல் கிடக்கிறது. மறுபடி பூட் செய்தால் எல்லாம் சரி. அடுத்த முறை உறங்கி எழுந்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

லினக்ஸ் ஓடும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இந்தக் கோளாறைப் பிடிப்பதற்கான அத்தியாயம் இது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோளாறு வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, செயலிக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்கும் கெர்னல் பகுதியான கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுவது. பல நேரம் அதனால் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் கவர்னரால் வேகத்தைக் கேட்கத்தான் முடியும். அதற்குக் கீழே டிரைவர் இருக்கிறது, அதற்கும் கீழே ஃபர்ம்வேர், அடியில் செயலியின் கால்களில் ஒன்றுக்கு வரும் மின்குறிப்பு. மொட்டை மாடித் தொட்டியின் வால்வை யாரோ அடைத்திருக்கும்போது, அடுக்களைக் குழாயை எவ்வளவு திருகினாலும் சொட்டுத்தான் வரும். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது எந்த அடுக்கு என்று முதலில் கண்டுபிடியுங்கள். மாற்றுவது அதற்குப் பிறகு.

உறக்கத்தின்போது நடப்பது என்ன?

இன்றைய கணினிகளில் உறக்கம் இரண்டு வகை. எஸ்3 என்ற பழைய வகையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், செயலி அணைந்துவிடும். விழிக்கும்போது முதலில் ஓடுவது லினக்ஸ் அல்ல, பயாஸ். அது செயலியின் ரெஜிஸ்டர்களில் தன் கணக்குப்படி சில மதிப்புகளை எழுதிவிட்டுத்தான் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் கொடுக்கும். எஸ்2ஐடில் என்ற புதிய வகையில் செயலி முழுதாக அணைவதில்லை, ஆழ்ந்த ஓய்வில் கிடக்கும். பயாஸ் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைக்காது. உங்கள் கணினி எந்த வகை என்பதை 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்' அடைவில் உள்ள 'மெம்_ஸ்லீப்' கோப்பு சொல்லும். சதுர அடைப்புக்குள் இருப்பது நடப்பு வகை. 'டீப்' என்றிருந்தால் எஸ்3.

எஸ்3 உறக்கத்துக்குப் போகும்போது கெர்னல் சுழி எண் கோரைத் தவிர மற்ற எல்லாக் கோர்களையும் ஆஃப்லைன் ஆக்குகிறது. விழித்த பின் அவை ஒவ்வொன்றாக, புதிதாகச் செருகப்பட்டவை போல, தொடக்க வேலைகள் எல்லாம் நடந்து ஆன்லைனுக்கு வருகின்றன. சுழி எண் கோர் மட்டும் அந்த வழியே வருவதில்லை. இந்த வித்தியாசத்தால் உண்டான பிழைகள் பல. இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் 2016-ல் திருத்தப்பட்ட ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. வேகத்தைச் செயலியே பார்த்துக்கொள்ளும் ஹெச்டபிள்யூபி வசதியின் அமைப்புகள் உறக்கத்துக்கிடையில் சுழி எண் கோரில் மாறிப்போனால், அவற்றைத் திரும்ப எழுதி வைக்க அன்றைய டிரைவரில் வழி இல்லாமல் போயிருந்தது. விழிப்பின்போது இயங்கும் ஒரு தனிச் செயல்கூறைச் சேர்த்த பிறகுதான் அது தீர்ந்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, எல்லாக் கோர்களும் ஒன்றுபோல மெதுவாக இருக்கின்றனவா, சுழி எண் கோர் மட்டும் தனித்து நிற்கிறதா என்பது. தனித்து நின்றால் சந்தேகம் கெர்னல் மீதும் டிரைவர் மீதும் போக வேண்டும். எல்லாம் ஒன்றுபோல முடங்கியிருந்தால் ஃபர்ம்வேரையோ வன்பொருளையோ பாருங்கள்.

நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய குறிப்பு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கோளாறு வந்த பிறகு எடுக்கும் எண்கள் தனியே எதையும் நிரூபிப்பதில்லை. கணினியை அணைத்துப் புதிதாக பூட் செய்து, ஒருமுறைகூட உறங்க வைக்காமல், சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உறங்க வைத்து எழுப்பி அதே எண்களை எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மாறிய வரி எதுவோ அங்கிருந்துதான் விசாரணை தொடங்கும்.

எண்கள் இருக்கும் இடம்: 'சிஸ்' அடைவுக்குள் 'டிவைசஸ்', அதற்குள் 'சிஸ்டம்', அதற்குள் 'சிபியு'. அங்கே ஒவ்வொரு கோருக்கும் ஓர் அடைவு, அதனுள் 'சிபியுஃப்ரீக்'. அதில் 'ஸ்கேலிங்_டிரைவர்', 'ஸ்கேலிங்_கவர்னர்', 'ஸ்கேலிங்_மின்_ஃப்ரீக்', 'ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்', 'சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக்' ஆகிய கோப்புகளைப் படியுங்கள். வேகம் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 2400000 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க 'சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ' என்ற கட்டளை போதும். இன்டெல்லில் 'இன்டெல்_பிஸ்டேட்' என்ற தனி அடைவில் 'நோ_டர்போ', 'மேக்ஸ்_பெர்ஃப்_பிசிடி' என்ற இரண்டும் முக்கியம். கோரின் 'தெர்மல்_த்ராட்டில்' அடைவிலுள்ள 'கோர்_த்ராட்டில்_கவுண்ட்' எண்ணையும் எடுங்கள். வெப்பத்துக்கு 'சென்சார்ஸ்' கட்டளை.

இவற்றோடு ஒரு வேலையின் அளவும் வேண்டும். திரையில் தெரியும் வேகம் கேட்ட வேகமா, ஓடும் வேகமா என்பது டிரைவரையும் கெர்னல் பதிப்பையும் பொறுத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டிக்கொண்டே கணினி ஊர்ந்து செல்வதும் உண்டு, அதன் காரணம் பின்னால் வருகிறது. 'ஓபன்எஸ்எஸ்எல் ஸ்பீட் எஸ்ஹெச்ஏ256' என்ற கட்டளை ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, நொடிக்கு எவ்வளவு தரவைக் கையாண்டது என்று சொல்லும். வேகம் பாதியானால் இந்த எண்ணும் ஏறக்குறையப் பாதியாகும். காட்டி பொய் சொன்னாலும் இது சொல்லாது.

உறக்கத்துக்கு மூடியை மூட வேண்டியதில்லை. 'ஆர்டிசிவேக்' கட்டளையில் வகை 'மெம்', நேரம் 30 நொடி என்று கொடுத்தால் கணினி தானாக உறங்கித் தானாக எழும். சார்ஜர் செருகிய நிலையில் ஒருமுறை, செருகாமல் ஒருமுறை, உறங்கும்போது ஒரு நிலையும் விழிக்கும்போது இன்னொரு நிலையுமாக ஒருமுறை செய்து பாருங்கள். இந்தக் கடைசிச் சேர்க்கையைப் பலர் தவறவிடுகிறார்கள். பேட்டரியில் உறங்கவிட்டு, காலையில் சார்ஜரைச் செருகிய பின் மூடியைத் திறப்பதுதான் அன்றாடம் நடப்பது. அந்த மாற்றத்தின் செய்தி வழியில் தொலைந்துபோவதால் வரும் முடக்கமும் உண்டு.

மேல் அடுக்கு: கவர்னரும் அதைத் தொட்டு எழுதும் நிரல்களும்

கவர்னர் பெயர் மாறியிருந்தால் வேலை எளிது. உபுண்டு, ஃபெடோரா போன்ற விநியோகங்களில் மின்சார அமைப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பின்னணி நிரல் ஏற்கெனவே வருகிறது: 'பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன்' அல்லது 'டியூன்ட்'. இதற்கு மேல் யாரோ பரிந்துரைத்தார்கள் என்று 'டிஎல்பி'யையும், இன்னொருவர் சொன்னார் என்று 'ஆட்டோ-சிபியுஃப்ரீக்'கையும் நிறுவியிருந்தால், விழித்ததும் இவை எல்லாம் ஒரே கோப்பில் மாற்றி மாற்றி எழுதும். கடைசியில் எழுதியது நிற்கும். 'சிஸ்டம்சிடிஎல்' கொண்டு எவை ஓடுகின்றன என்று பார்த்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நிறுத்துங்கள். எது சிறந்தது என்பதை விட ஒன்று மட்டும் இருப்பதுதான் முக்கியம்.

இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் தன் இயல்பான நிலையில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'பவர்சேவ்' என்ற இரண்டை மட்டுமே தரும். இங்கே 'பவர்சேவ்' என்பது வேகத்தை அடிமட்டத்தில் பூட்டி வைப்பதல்ல. சுமைக்கேற்ப ஏற்றி இறக்குவதே அதன் வேலை. ஆகவே பி-ஸ்டேட்டில் 'பவர்சேவ்' என்று கண்டதும் குற்றவாளி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 'ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்' டிரைவரில்தான் அந்தப் பெயர் அடிமட்ட வேகத்தைக் குறிக்கும்.

பழைய கெர்னல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: வேகத்துக்கா மின்சிக்கனத்துக்கா முன்னுரிமை என்று சொல்லும் ஆற்றல் சாய்வு மதிப்பைக் கெர்னல் உறக்கத்தைத் தாண்டிக் காப்பாற்றத் தொடங்கியது 2019-ல் வந்த 5.2 பதிப்பில்தான். அதற்கு முந்திய பதிப்பென்றால் முதலில் கெர்னலைப் புதுப்பியுங்கள்.

நடு அடுக்கு: யாரோ வைத்த உச்சவரம்பு

கவர்னர் மாறவில்லை, ஆனால் 'ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்' குறைந்திருக்கிறது என்றால், வன்பொருளின் உச்சமான 'சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக்' மதிப்பை ரூட் உரிமையோடு அதில் எழுதிப் பாருங்கள். நின்றால், ஏதோ ஒரு நிரல்தான் குறைத்திருக்கிறது. மேலே சொன்னவற்றில் தேடுங்கள். நிற்கவில்லை என்றால், அல்லது நின்றும் வேகம் ஏறவில்லை என்றால், ஃபர்ம்வேர் வரம்பு போட்டிருக்கலாம். 'ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்' டிரைவரில் 'பயாஸ்_லிமிட்' என்ற கோப்பு அந்த வரம்பை நேரடியாகக் காட்டும். வாட் குறைந்த சார்ஜரையோ நலிந்த பேட்டரியையோ கண்டால் சில ஃபர்ம்வேர்கள் வேண்டுமென்றே இப்படி வரம்பு போடும். 'ப்ராசஸர்.இக்னோர்_பிபிசி=1' என்ற கெர்னல் அளவுரு அந்த வரம்பைப் பொருட்படுத்தாதே என்று சொல்கிறது. சோதனைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். சார்ஜர் உண்மையிலேயே போதாததாக இருந்தால், சுமை ஏறியதும் கணினி சட்டென அணையக்கூடும். அப்படியானால் அந்த அளவுருவை நீக்கிவிட்டுச் சரியான சார்ஜரைத் தேடுங்கள்.

'நோ_டர்போ' சுழியிலிருந்து 1 ஆக மாறியிருந்தால் டர்போ போய்விட்டது. சுழியை எழுதிப் பாருங்கள். ஏற்க மறுத்தால் கெர்னலின் 'டிமெஸ்ஜி' பதிவில், டர்போ பயாஸால் முடக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். டர்போ இல்லாத வேகம் அடிப்படை வேகம்; கணினி மெதுவாகத் தெரியும், ஆனால் ஊராது. 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் சிக்கியிருந்தால் அது டர்போவின் வேலை அல்ல.

அடி அடுக்கு: ரெஜிஸ்டரும் மின்குறிப்பும்

இங்குதான் பெரும்பாலான வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. மறு பூட்டைத் தவிர எதற்கும் மசியாத கோளாறுகள் இங்கேதான் இருக்கின்றன என்பதால் சற்று நிதானமாகப் போவோம். கீழே சொல்பவை இன்டெல்லுக்கு உரியவை. 'எம்எஸ்ஆர்-டூல்ஸ்' தொகுப்பை நிறுவி, 'மோட்ப்ரோப் எம்எஸ்ஆர்' கொடுத்து, 'ஆர்டிஎம்எஸ்ஆர்' கட்டளையால் ரெஜிஸ்டர்களைப் படிக்கலாம். ரெஜிஸ்டர் எண்ணைத் தசமத்திலும் ஏற்கும். 'ஏ' விருப்பம் எல்லாக் கோர்களையும் படிக்கும், 'யு' விருப்பம் விடையைத் தசமத்தில் தரும்.

முதலில் 410-ஆம் ரெஜிஸ்டர். கடிகாரத் துடிப்புகளில் சிலவற்றை மட்டும் செயலிக்குள் விட்டு மற்றவற்றைத் தடுக்கும் வசதி இது. கடிகாரப் பண்பேற்றம் என்பார்கள். வெப்பத்தைக் குறைக்கும் பழைய வழி. இதன் மதிப்பு சுழியாக இருக்க வேண்டும். 16-ஐக் குறிக்கும் பிட் உயர்ந்திருந்தால் பண்பேற்றம் இயங்குகிறது என்று பொருள். அப்போது பெயரளவு வேகம் மாறாமலே செயலி தன் துடிப்புகளில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. காட்டி ஒன்று சொல்ல, ஓபன்எஸ்எஸ்எல் சோதனை வேறொன்று சொல்வது இதனால்தான்.

இது கற்பனைக் கோளாறு அல்ல. பிராட்வெல் தலைமுறைச் செயலி கொண்ட சில இயந்திரங்கள் எஸ்3 உறக்கத்திலிருந்து விழித்ததும் விபரீதமாக மெதுவாக ஓடுவதாகப் புகார் வந்தபோது, பயாஸ் உறக்கத்துக்கிடையில் இதே ரெஜிஸ்டரைச் சுழியிலிருந்து 16 ஆக மாற்றி வைத்திருந்தது தெரிந்தது. பண்பேற்றத்தை இயக்கிவிட்டு, எத்தனை பங்கு துடிப்பு என்பதைக் குறிக்கும் பிட்களைச் சுழியாகவே விட்டிருந்தது. அந்தச் சேர்க்கைக்கு வரையறுக்கப்பட்ட பொருளே இல்லை. உறக்கத்துக்கு முன் குறிப்பிட்ட ரெஜிஸ்டர்களைச் சேமித்து, விழித்ததும் திரும்ப எழுதும் ஏற்பாடு ஒன்றை இதற்காகவே 2015-ல் லினக்ஸ் கெர்னலுக்கு எழுதினார்கள். ஆனால் அது பட்டியலில் உள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே வேலை செய்யும். உங்கள் கணினி அதில் இல்லாமல் இதே நோயோடு இருக்கலாம். 'டபிள்யூஆர்எம்எஸ்ஆர்' கட்டளையால் எல்லாக் கோர்களிலும் 410-இல் சுழியை எழுதுங்கள். அந்த நொடியே வேகம் திரும்பினால் நோய் இதுதான். செக்யூர் பூட் இயங்கினால் பல விநியோகங்களில் கெர்னல் இந்த எழுத்தை அனுமதிக்காது.

410 சுழியாகவே இருக்கிறது, வெப்பமும் 50 டிகிரி அளவில்தான், 'கோர்_த்ராட்டில்_கவுண்ட்' ஏறவில்லை, ஆனாலும் வேகம் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் ப்ராக்ஹாட். செயலி சூடாகிவிட்டது என்று வெளியே சொல்லும் மின்குறிப்பு அது. இருவழிப்பாதையாக அமைத்திருந்தால், மதர்போர்டில் உள்ள மற்ற பாகங்களும் அதே கம்பியை இழுத்துச் செயலியை வேகம் குறைக்கச் சொல்ல முடியும். மின்சாரம் வழங்கும் சுற்று சூடானால் இழுக்கும். விசைப்பலகை, பேட்டரி, மின்விசிறிகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் இழுக்கும். விழிக்கும் வேளையில் அந்தச் சில்லு சார்ஜரோடு பேசி முடிப்பதற்குள் குழம்பிவிட்டால், கம்பியை இழுத்தது இழுத்தபடி விட்டுவிடும்.

412-ஆம் ரெஜிஸ்டரில் 4-ஐக் குறிக்கும் பிட் உயர்ந்திருந்தால் வெளியிலிருந்து யாரோ இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். தசம விடையை 8-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிட் உயர்ந்திருக்கிறது. உடனே சார்ஜரைக் கழற்றி மறுபடி படியுங்கள். கழற்றியதும் வேகம் வந்தால் சார்ஜரோ அதன் முனையோ காரணம். நடுவில் மெல்லிய அடையாள ஊசி உள்ள சார்ஜர்களில் ஊசி வளைந்தாலே கணினி சார்ஜரை அறியாது. மாற்றுச் சார்ஜர் என்றால் அசல் ஒன்றைக் கடன் வாங்கியாவது சோதியுங்கள். கழற்றியும் வரவில்லை என்றால் கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரை நீக்கி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கட்டுப்பாட்டுச் சில்லின் நினைவு அழிந்து புதிதாகத் தொடங்கும். ஏஎம்டி கணினிகளில் மேற்சொன்ன ரெஜிஸ்டர்களின் உதவி கிடைக்காது; ஆனால் சார்ஜர் சோதனை, இந்த முழு அணைப்பு, பயாஸ் புதுப்பிப்பு மூன்றும் அவற்றுக்கும் பொருந்தும்.

508-ஆம் ரெஜிஸ்டரின் மதிப்பு ஒற்றைப்படையாக இருந்தால் இருவழி ப்ராக்ஹாட் இயங்குகிறது; அதிலிருந்து 1-ஐக் கழித்து எழுதினால் வெளியிலிருந்து வரும் குறிப்பைச் செயலி கேட்காது. இந்தத் தந்திரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. செயலி தன் வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும், அதற்குக் குறைவில்லை. ஆனால் மின்வழங்கு சுற்றும் பேட்டரியும் நிஜமாகவே உதவி கேட்டால் கேட்க ஆள் இருக்காது. காரணம் தவறான அடையாளம்தான் என்று சார்ஜர் சோதனையில் உறுதியான பிறகு மட்டுமே இதைச் செய்யுங்கள். உப்பிய பேட்டரி, தொட்டால் சுடும் சார்ஜர் முனை, இவை இருக்கும் கணினியில் ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கெர்னலா, பயாஸா?

எஸ்3 கணினிகளில் இதைப் பிரித்தறிய அருமையான வசதி ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. 'சிஸ்' அடைவின் 'பவர்' அடைவில் 'பிஎம்_டெஸ்ட்' என்ற கோப்பு, கெர்னல் அந்த வசதியோடு கட்டப்பட்டிருந்தால், இருக்கும். அதில் 'ப்ராசஸர்ஸ்' என்று எழுதிவிட்டு உறங்கச் சொன்னால், கெர்னல் உறக்கத்துக்கான படிகளைச் செய்து, கோர்களை ஆஃப்லைன் ஆக்கி, சில நொடிகள் காத்திருந்து, வந்த வழியே திரும்பிவிடும். 'கோர்' என்று எழுதினால் இன்னும் ஒரு படி ஆழம் போகும். இரண்டிலுமே பயாஸிடம் கட்டுப்பாடு போவதில்லை.

இந்தப் பொய்யுறக்கத்திலேயே வேகம் கெட்டால் பிழை கெர்னலில். இதில் எல்லாம் நன்றாக இருந்து, மெய்யான உறக்கத்தில் மட்டும் கெட்டால் பயாஸோ வன்பொருளோ செய்த வேலை. சோதனை முடிந்ததும் அந்தக் கோப்பில் 'நன்' என்று எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்த அமர்வு முழுவதும் கணினி உறங்கவே செய்யாது.

விழித்ததும் ஓட வேண்டிய சிறு நிரல்

காரணம் தெரிந்து, நிரந்தரத் தீர்வு பயாஸ் புதுப்பிப்பாகவோ கெர்னல் திருத்தமாகவோ வரும்வரை, ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிஸ்டம்டி உள்ள கணினிகளில் 'யுஎஸ்ஆர்', 'லிப்', 'சிஸ்டம்டி', 'சிஸ்டம்-ஸ்லீப்' என்று இறங்கினால் வரும் அடைவில் வைக்கப்படும் நிரல்கள் உறக்கத்துக்கு முன் ஒருமுறையும் விழித்ததும் ஒருமுறையும் ஓடும். முதல் உள்ளீடாக 'ப்ரீ' அல்லது 'போஸ்ட்' வரும். 'போஸ்ட்' என்று வரும்போது மட்டும் தேவையான ஒரே வரி ஓடுமாறு எழுதுங்கள்: உச்சவரம்பை மீட்பது, அல்லது 410-இல் சுழி எழுதுவது, உங்கள் நோய் எதுவோ அது. இயக்க உரிமை கொடுக்காவிட்டால் நிரல் ஓடாது. விழித்த உடன் எழுதியதைக் கட்டுப்பாட்டுச் சில்லு மறுபடி மாற்றிவிட்டால், ஐந்து நொடி கழித்து எழுதும்படி ஒரு தனி சிஸ்டம்டி சேவையாக வையுங்கள். இந்த அடைவின் நிரலிலேயே காத்திருக்க வைத்தால் விழிப்பே தாமதமாகும்.

எல்லா மருந்தையும் ஒரே நிரலில் கொட்டி வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கெர்னல் புதுப்பித்த பின் எந்த வரி இன்னும் தேவை என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஏன் எழுதினோம் என்று ஒரு குறிப்பு வரியும் தேதியும் அதிலேயே இருக்கட்டும்.

கெர்னல் பிழை என்று உறுதியானால் கெர்னல் நிரலாளர்களுக்குப் புகார் எழுதுங்கள். கணினியின் மாதிரி, பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, டிரைவரின் பெயர், உறக்கத்தின் வகை, 'பிஎம்_டெஸ்ட்' முடிவு, முன்னும் பின்னுமாக எடுத்த எண்கள் ஆகியவற்றோடு, விழிப்பையும் உள்ளடக்கிய 'டிமெஸ்ஜி' பதிவை முழுதாக இணையுங்கள். எந்தக் கெர்னல் பதிப்பு வரை நன்றாக இருந்தது என்று தெரிந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தப் பதிப்புக்கும் கோளாறு தெரிந்த பதிப்புக்கும் நடுவே வந்த மாற்றங்களில்தான் அவர்கள் தேடத் தொடங்குவார்கள்.